வாசலில் கிடக்கும் செருப்பிலிருந்து தொடங்குங்கள்

திருகோணமலைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்கு, பக்கத்தில் ஒரு வேம்பின் கீழ் மேசை போட்டு 27 வருடம் மற்றவர்களுக்காக விண்ணப்பமும் பெட்டிசமும் எழுதினேன். பிறப்புப் பத்திரம் தொலைந்தவர்கள், காணி உறுதியைக் கறையான் அரித்துவிட்டவர்கள், வேலித் தகராறில் நிற்பவர்கள், பிள்ளையைத் தேடுகிறவர்கள். எல்லோருடைய கடிதமும் ‘நான்’ என்றுதான் தொடங்கும். ‘நான் மேற்படி விலாசத்தில் நிரந்தரமாக வசித்து வருகிறேன்’ என்று ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை தட்டுவேன்.

கடல் ஊருக்குள் வந்தது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. அடுத்த மாதம் முழுக்க என் மேசைக்கு முன்னால் வரிசை. ஒரு நாள் ஓர் அம்மா, கணவரின் மரணப் பதிவுக்காக வந்தார். நான் வழக்கமான வரியைத் தட்டிக்கொண்டு போனேன். அவர் என் கைக்கு மேல் கையை வைத்து நிறுத்தினார்.

“அவர் ஓடேல்ல தம்பி. வாசலில செருப்புத் தேடிக்கொண்டு நிண்டவர். அதையும் போடுங்கோ.”

“அதுக்கு இதில இடமில்லை அம்மா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு அந்த அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. எதிரே அரை மணி நேரம் இருந்தவர். அவருடைய ‘நான்’-ஐ என் கையால் எழுதியிருக்கிறேன், ஆனால் அவரைப் பார்க்கவில்லை. மகனுடைய பழைய கொப்பி ஒன்றை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினேன்: ‘வாசலில் செருப்புத் தேடிக்கொண்டு நின்றார்.’ அதை எழுதி முடித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நான் இங்கே சொல்லப்போகும் பயிற்சிகள் எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து வளர்ந்தவை. மனதை ஓரிடத்தில் நிறுத்த வேண்டும், மனிதர்மேல் இரக்கம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பலர். கண்ணை மூடி இருந்து பார்க்கிறார்கள், மனம் நிற்பதில்லை. அவர்களுக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்கிற வழி இது. பார்த்ததை எழுதுவது, வரைவது, திரும்பவும் பார்ப்பது. எழுத்தாளராக இருக்கத் தேவையில்லை.

தேவையானவை 80 பக்கக் கொப்பி ஒன்று, பென்சில் ஒன்று. ரெலிபோனில் எழுத வேண்டாம். நீங்கள் ஒரு சொல்லை யோசிக்கும் முன்பே அது மூன்று சொற்களை எடுத்து நீட்டும். இந்தப் பயிற்சியின் பலன் முழுவதும் அந்த யோசிக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. பென்சில் ஏன் என்றால், அதே கையால் வரையவும் செய்யலாம்.

இடம் முதலில், உணர்வு கடைசியில்

நம்மில் பெரும்பாலானோர் எழுத உட்கார்ந்தால் முதல் வரியே ‘மனம் சரியில்லை’ என்று வரும். அங்கேயே எழுத்து நின்றுவிடும், ஏனென்றால் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. நம் பழைய இலக்கணக்காரர்கள் வேறு ஒழுங்கு வைத்திருந்தார்கள். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். முதலில் நிலமும் பொழுதும். அப்புறம் அந்த நிலத்தில் உள்ள உயிர்கள், மரங்கள், தொழில்கள். உணர்வு அதற்குப் பிறகு. பாடசாலையில் பரீட்சைக்காகப் பாடமாக்கிய இந்த ஒழுங்கு, மனதை அமைதிப்படுத்தும் ஒரு முறையாகவும் இருக்கிறது என்று ஐம்பது வயதுக்குப் பிறகுதான் கண்டுகொண்டேன்.

செய்யும் விதம் இதுதான். ஓரிடத்தில் போய் உட்காருங்கள். பத்து நிமிடம் இடத்தையும் பொழுதையும் மட்டும் எழுதுங்கள்: நேரம், காற்றின் திசை, வெளிச்சம் எங்கே விழுகிறது, தரை எப்படி இருக்கிறது. அடுத்த பத்து நிமிடம் அங்கே அசைகிறவற்றை எழுதுங்கள்: மனிதர், விலங்கு, வண்டி, அவரவர் கையில் உள்ள பொருள். இந்த இருபது நிமிடத்தில் ‘அழகு’, ‘சோகம்’, ‘பாவம்’ போன்ற சொற்கள் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு, எதைப் பார்த்து அந்தச் சொல் வந்ததோ அதை எழுதுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் உணர்வை எழுதலாம்.

என் கொப்பியிலிருந்து ஒரு நாள்:

‘மாலை 5.10. டச்சுக் குடா. காற்று கரையிலிருந்து கடலுக்கு. வெயில் முதுகுப் பக்கம், உள்துறைமுகத்துக்கு மேலே. என் நிழல் நீளமாகத் தண்ணீரைத் தொடுகிறது. மணல் மேலே காய்ந்தும் விரல் விட்டால் ஈரமாகவும் இருக்கிறது.

கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மான் ஒன்று ஐஸ்கிறீம் வண்டிக்குப் பின்னால் காகிதம் தின்கிறது. ஒரு காது கிழிந்திருக்கிறது. ஒரு தகப்பன் மகளின் சப்பாத்தைக் கழற்றி மணலைக் கொட்டுகிறார். இரண்டு தடவை தட்டுகிறார். உள்ளே விரல் விட்டுப் பார்க்கிறார். மறுபடியும் தட்டுகிறார்.

என் அப்பா என் சப்பாத்தைத் தட்டிய நினைவு எனக்கு இல்லை. தட்டியிருப்பார்.’

கடைசி இரண்டு வரியையும் நான் தேடிப் போகவில்லை. அந்த மனிதர் மூன்றாவது தடவை தட்டியதைக் கவனித்து எழுதியதனால் வந்தது. ‘பாசமான தகப்பன்’ என்று எழுதியிருந்தால் என் அப்பா வந்திருக்க மாட்டார்.

நெய்தல் நிலத்துக்கு உரிய உணர்வு இரங்கல் என்று வகுத்திருக்கிறார்கள். கடற்கரையில் நின்று, போனவர் வரவில்லையே என்று ஏங்குவது. எங்கள் ஊரே நெய்தல்தான், அதனால் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். இரங்கல், இரக்கம் இரண்டும் ‘இரங்கு’ என்ற ஒரே வேரில் பிறந்த சொற்கள். தன் இழப்புக்காகக் கலங்குவதற்கும் பிறர் இழப்பைக் கண்டு மனம் இளகுவதற்கும் நம் மொழி ஒரே வினையை வைத்திருக்கிறது. தன் துக்கத்தை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தவருக்கு மற்றவரின் துக்கம் கண்ணில் படும் என்பதை என் மேசைக்கு வந்தவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கண்டேன். வரிசையில் பின்னால் நிற்பவருக்கு இடம் விட்டவர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள்தான்.

‘கவலை’ என்ற சொல்லை ஒரு மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள்

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஏழு சிறு கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு. வாளியில் அள்ளி ஊற்றிக்கொண்டு ‘சூடு, சூடு’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். சனிக்கிழமைகளில் கூடி எழுதும் எங்கள் குழுவோடு ஒருமுறை போனபோது, ஏழுக்கும் ஏழு வெவ்வேறு சொல் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் திணறினார்கள். அப்புறம் வந்தன: வெதுவெதுப்பு, இளஞ்சூடு, கதகதப்பு, வெக்கை, தகிப்பு. ஒரு பிள்ளை ‘காய்ச்சல்காரரின் நெற்றி’ என்று எழுதினாள். அந்தச் சொல்லைத் தேடுவதற்காக அவள் ஒரே கிணற்றில் நான்கு தடவை கை வைத்தாள். அந்த நான்கு தடவையும் அவள் மனம் வேறெங்கும் போகவில்லை.

மனதுக்குள்ளும் இதையே செய்யுங்கள். ‘கவலையாக இருக்கிறது’ என்று எழுத வந்தால் நிறுத்தி, எது என்று பாருங்கள். ஏக்கமா, தவிப்பா, ஆற்றாமையா, அங்கலாய்ப்பா, வெறுமையா, மனத்தாங்கலா? ஏக்கம் என்றால் ஏதோ ஒன்று தூரத்தில் இருக்கிறது. மனத்தாங்கல் என்றால் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். சொல் சரியாகக் கிடைத்ததும் அடுத்துச் செய்ய வேண்டியதும் தெரிந்துவிடும்.

பிறகு அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். தொல்காப்பியம் உணர்வுகளுக்கு வைத்த பெயரே மெய்ப்பாடு, மெய்யில் தோன்றுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இகழப்பட்டது, இழந்தது, முன்பிருந்த நிலையிலிருந்து விழுந்தது, இல்லாமை. 27 வருடத்தில் கண்ணீரோடு என் மேசைக்கு வந்த எவரையும் இந்த நான்குக்கு வெளியே வைக்க என்னால் முடியவில்லை. இப்போதும் யாராவது என்மேல் எரிந்து விழுந்தால், இவருக்கு இந்த நான்கில் எது என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வேன். பதில் தெரியாவிட்டாலும் அந்தக் கேள்வி என் குரலைத் தணிக்கிறது.

கொப்பியைப் பார்க்காமல் வரைவது

எழுத விருப்பமில்லாதவர்களுக்கும், எழுதி எழுதிச் சலித்தவர்களுக்கும் இது. ஒரு பொருளை முன்னால் வையுங்கள். பென்சிலைத் தாளில் ஊன்றுங்கள். கண் பொருளின் விளிம்பில் எறும்பு ஊர்வதுபோல மெதுவாகப் போகட்டும், கையும் அதே வேகத்தில் கூடவே போகட்டும். தாளைப் பார்க்கக் கூடாது. பத்து நிமிடம். படம் கோணலாகத்தான் வரும், எல்லோருக்கும் அப்படித்தான். படத்தை மதிப்பிட வேண்டாம்.

எங்கள் குழுவில் கரைவலை இழுத்து ஓய்ந்த ஒரு பெரியவர் இருக்கிறார். பேனை பிடிக்க மாட்டேன் என்று ஒரு மாதம் வாங்கில் சும்மா இருந்தவர். அவருடைய இடக்கையையே வரையச் சொன்னோம். முடித்துவிட்டு உள்ளங்கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “கயிறு அறுத்த தழும்பு ஆறு கிடக்கு. நான் மூண்டு எண்டுதான் நினைச்சனான்” என்றார். வீட்டுக்குப் போய் மனைவியின் கையை வரைந்துகொண்டு வந்தார். அந்தக் கையில் எத்தனை சூட்டுத் தழும்பு என்று எங்களுக்குச் சொல்லும்போது அவருக்குக் குரல் வரவில்லை.

கோலம் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. புள்ளி எண்ணும்போது மனம் வேறு பக்கம் போனால் கோடு வந்து சேராது. உங்கள் வீட்டில் யாராவது இன்னும் கைக்கோலம் போட்டால், காலையில் பக்கத்தில் இருந்து பாருங்கள், அது போதும்.

இன்னொருவரின் ‘நான்’

இதுதான் முக்கியமானது, இதற்கு நேரம் எடுங்கள். மேலே சொன்னவற்றை ஆறு வாரமாவது செய்த பிறகு தொடங்குவது நல்லது.

ஒரு மனிதரைத் தேர்ந்தெடுத்து, அவர் பேசுவதுபோல ‘நான்’ என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். முதலில் உங்களுக்கு விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர்: நிலாவெளி பஸ்ஸின் கொண்டக்டர், கோணேசர் கோயில் ஏறும் வழியில் வளையல் விற்கிறவர். சில வாரம் கழித்து வீட்டில் உள்ள ஒருவர். கோபமாக இருக்கும் ஒருவரைக் கடைசியில்தான் தொட வேண்டும். அவசரப்பட்டு அங்கே தொடங்கினால் அவருடைய ‘நான்’ உங்களுடைய குற்றச்சாட்டாக மாறிவிடும்.

அவர் காலையில் செய்யும் ஒரு சின்ன வேலையிலிருந்து தொடங்குங்கள். கண்டதையும் கேட்டதையும் வைத்து எழுதுங்கள். அவருக்காக வாதாட வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். அதெல்லாம் பெட்டிசம் எழுதும் வேலை, நான் நிறையச் செய்தாயிற்று. பக்கம் முடிந்ததும் ஒரு கோடு போட்டு, ‘எனக்குத் தெரியாதவை’ என்று மூன்று விடயம் எழுதுங்கள். இந்த மூன்றை விட்டுவிடாதீர்கள். இது இல்லாவிட்டால் ஒருவரை நாம் முழுதாக அறிந்துவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிடும், அதற்குப் பிறகு அவரைப் பார்க்க மாட்டோம். எழுதியதை அவருக்கோ வேறு யாருக்கோ காட்டவும் வேண்டாம்.

என் அண்ணை 1990-களில் கனடாவுக்குப் போனவர். அம்மாவின் செத்தவீட்டுக்கு வரவில்லை. பதினொரு வருடம் நான் அவரோடு பேசவில்லை. அவருடைய ‘நான்’-ஐ எழுத உட்கார்ந்தபோது முதல் மூன்று தடவையும் அது என் நியாயமாகவே வந்தது. கிழித்தேன். நான்காவது தடவை, அவர் எப்போதோ ஒரு கடிதத்தில் எழுதியிருந்த ஒரு விடயம் நினைவுக்கு வந்தது. ‘நான் ஸ்காபரோவில் காலை 4 மணிக்கு எழும்பி, வாசலில் உள்ள ஸ்நோவைத் தள்ளுகிறேன். பக்கத்து வீட்டுக் கிழவியின் வாசலையும் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.’ அதற்கு மேல் ஒரு வரியும் எனக்கு வரவில்லை. கோட்டுக்குக் கீழே எழுதினேன்: அம்மா இறந்த செய்தி வந்தபோது அவர் எங்கே நின்றார், தெரியாது. யார் சொன்னது, தெரியாது. அன்றைக்கு வேலைக்குப் போனாரா, தெரியாது.

மூன்று மாதம் கழித்து அழைத்தேன். அம்மாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அங்க காலமை எத்தனை மணிக்கு எழும்புறனீங்கள், அண்ணை?” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு மணி நேரம் பேசினார். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அழைப்பு வருகிறது.

காயத்தைத் தொடும்போது

எங்கள் மாவட்டத்தில் போரும் கடலும் தொடாத வீடு குறைவு. அதனால் இதைக் கவனமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னேபேக்கர் என்ற உளவியலாளர் சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து 1986-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்கள் நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய நிகழ்வை எழுதினார்கள். நிகழ்ந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போன தடவைகள் குறைந்திருந்தன. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் முன்பைவிடப் பாரமாகத்தான் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

ஆகவே 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இரவு படுக்கும் முன் வேண்டாம். எழுதும்போது மூச்சு முட்டினால் பென்சிலை வையுங்கள், பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள், கண்ணெதிரே உள்ள ஐந்து பொருளின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். இன்னும் எழுதப் பக்குவம் இல்லாததை விட்டுவிடுங்கள், கொப்பி எங்கும் போகாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்றால் அதற்குக் கொப்பி போதாது. வைத்தியரிடம் போங்கள். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் மனநல உதவி கிடைக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு அழையுங்கள்.

கூடிப் படிப்பது

தனியாகவே செய்யலாம். முடிந்தால் நான்கைந்து பேர் சேருங்கள். எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை காலை ஏழு பேர் கூடுகிறோம். ஒருவர் வாசிப்பார். மற்றவர்கள் ‘நல்லாயிருக்கு’ என்று சொல்லக் கூடாது, திருத்தவும் கூடாது, ஆறுதலும் சொல்லக் கூடாது. கேட்டதில் மனதில் தங்கிய ஒரு சொல்லை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘தழும்பு.’ ‘மூன்றாவது தடவை.’ தான் எழுதிய சொல்லை இன்னொருவர் வாயால் கேட்கும்போது வாசித்தவர் முகத்தைப் பாருங்கள். பிறகு தேத்தண்ணி.

எங்களோடு ஒரு சிங்கள அக்கா வருகிறார், சிங்களத்திலேயே வாசிப்பார். பாதிப் பேருக்கு விளங்காது, ஆனாலும் முழுதாகக் கேட்போம், பிறகு ஒருவர் தமிழில் சொல்வார். விழிப்போடு இருப்பதை அவர்கள் ‘சிஹிய’ என்கிறார்கள். பாளியில் ‘சதி’. அந்தச் சொல்லுக்கு நினைவு என்றும் பொருள் உண்டு என்று அவர் சொன்னபோது, நாமும் ‘நினைவு தப்பியது’, ‘நினைவு திரும்பியது’ என்றுதானே சொல்கிறோம் என்று எங்கள் பெரியவர் சொன்னார். ‘கருணை’ இரண்டு மொழிக்கும் ஏறக்குறைய ஒரே சொல். அந்த அக்காவின் மகன் போரில் போனவன். எங்களில் இருவருக்கும் அப்படித்தான். அவர் அவனுடைய ‘நான்’-ஐ இன்னும் எழுதவில்லை. நாங்கள் கேட்பதில்லை.

கொப்பி வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலை உங்கள் வாசலில் கிடக்கும் செருப்புகளில், உங்களுடையது அல்லாத ஒரு சோடியைத் தேர்ந்தெடுங்கள். எதிரே தரையில் உட்காருங்கள். தாளைப் பார்க்காமல் பத்து நிமிடம் வரையுங்கள். குதி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, வார் எங்கே தைத்திருக்கிறது என்று பாருங்கள். கீழே நேரத்தையும் திகதியையும் போடுங்கள். அவர் வந்து செருப்பைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.